ஏலுவா

லுவா என்றால் குழி.
லுவா என்றால் இரண்டு.
லுவா என்றால் கழிப்பறையும்தான்.
பள்ளிக்கூட உணவறையில்
நாங்கள் மூட்டு முறிக்கப் பழகும் இடத்துக்குப் பின்னால்
அந்தக் கதவிலும் அதே சொல்.
புதிதாக வருகிறவர்கள் சிரித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

செவ்வாய், வியாழன், இரவு எட்டரை.
மேசைகளைச் சுவரோரம் தள்ளி,
பிள்ளைகள் சிந்திய பாலைத் துடைத்து,
தேங்காயெண்ணெய் பூசிக்கொள்கிறோம்
தோள்முதல் மணிக்கட்டுவரை.
போருக்குப் போனவர்கள்
உடம்பு மயிரையெல்லாம் பறித்துவிட்டு
எண்ணெயில் மின்னிக்கொண்டு போனார்களாம்,
பிடிப்பவன் கைக்கு எதுவும் அகப்படக் கூடாதென்று.
நான் வைக்கீக்கி ஹோட்டலில் சலவைக்காரி.
நாளுக்கு நானூறு விரிப்பு மடிக்கிறேன்.
வழுக்குவதைப் பிடிக்க
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொஆனி சொன்னது வேறு.
(என்னைவிட இரண்டு வயது இளையவள்;
பகலில் பேருந்து ஓட்டுகிறாள்.)
'மணிக்கட்டு போக விரும்பும் வழி ஒன்று உண்டு.
அதோடு கூடவே போ.
ஓர் அங்குலம் மட்டும் அதிகமாகப் போ.'

அந்த ஓர் அங்குலத்தில்தான் எலும்பு இருக்கிறது.

பார்ப்பவர்களுக்கு ஹூலா மாதிரி இருக்கும்.
இருக்கட்டும்.
அலை என்று காட்டும் கை தொண்டைக்கானது.
மலரை மார்போடு அணைக்கும் அசைவுக்குள்
யாரோ ஒருவனின் முழங்கை.
ஹோட்டல் புல்வெளியில் மாலை ஆட்டம் நடக்கும்போது
துணிவண்டியைத் தள்ளிக்கொண்டே எண்ணுவேன்:
இது விலா, இது தோள், இது கண்.
விருந்தாளிகள் கைதட்டுவார்கள்.

ஜோடியை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை.
அந்த வியாழன் எனக்கு வாய்த்தவன் பலாகிகோ.
காவல்துறை.
மார்ச்சில், வையானே கடலோரம்,
கியாவே மரங்களுக்கடியில் கூடாரங்களைப் பிரித்தவர்களில் ஒருவன்.
என் தங்கை உலுவேஹியின் அடுப்பு,
அவள் மகனின் மூச்சுமருந்துக் கருவி,
ஈரச் செருப்புகள்,
எல்லாம் ஒரே கறுப்புப் பையில் லாரிக்குப் போயின.
'என் வேலை இது' என்றானாம்.
அதையும் மெதுவாகத்தான் சொன்னானாம்.

இங்கே அவனுக்குச் சீருடை இல்லை.
என் எண்ணெய் வாசம்தான் அவனுக்கும்.

ஏகாஹி.
ஒன்றுக்கு அவன் கை நீட்டினான்.
ஏலுவா.
இரண்டுக்கு நான் உள்ளே புகுந்தேன்.
மணிக்கட்டு திரும்பியது, முழங்கை நீண்டது,
தோள் தானாகத் தாழ்ந்தது.
அவன் என் தொடையில் தட்டினான்.
இரண்டு தட்டினால் போதும் என்று அர்த்தம்.
கேட்டது. இரண்டாவதும் கேட்டது.
அதற்குப் பிறகுதான்
அந்த அங்குலம்.

பெரிய சத்தமில்லை.
ஈர விரிப்பை உதறினால் வருமே,
அவ்வளவுதான்.

மொஆனி என்னைத் திட்டவில்லை.
'கழற்றியவளே பூட்டு' என்றாள்.
முறிக்கக் கற்குமுன் எட்டு மாதம்
உருவிவிடவும் இழுத்துப் பூட்டவும்தானே கற்றோம்.

தரையில் படுத்தான்.
அதே மணிக்கட்டைப் பிடித்தேன்.
அவன் தாடை நடுங்கியது.
மூச்சு விடு என்றேன்.
'பையனுக்கு இப்போது எப்படி இருக்கிறது?' என்றான்
கூரையைப் பார்த்தபடி.

பதில் சொல்லவில்லை.
இழுத்தேன், அவசரமில்லாமல்,
சதை முரண்டு பிடிக்கிறது,
இன்னும் முரண்டு பிடிக்கிறது,
அது சலித்துப்போகும்வரை
அவனோடு சேர்ந்து மூச்சு விட வேண்டியிருந்தது.
பிறகு எலும்பு
தன் குழிக்குள் போய் உட்கார்ந்தது.

வீடு திரும்பும்போது
ஸ்டீயரிங் என் கையில் நிற்கவே இல்லை.

செவ்வாய் அவன் வந்தான்.
கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு,
மேசை அடுக்கின் ஓரம் உட்கார்ந்து,
எங்களுக்காக எண்ணினான்.
ஏகாஹி, ஏலுவா. ஏகாஹி, ஏலுவா.
என் முறை வந்தது.
எதிரே புதியவள் ஒருத்தி, எண்ணெய் காயாத கையை நீட்டினாள்.
ஏகாஹி என்றான்.

இரண்டைச் சொல்லாமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.