சிராய்

கென்னபெக் ஆற்றோரம்
கப்பல் கட்டும் கொட்டகைக்குப் பின்னால்
செதுக்கித் தள்ளிய பைன் மரக் குவியல்.
அதிலொரு சிராயைப் பொறுக்கி
இடது தோளில் வைத்துக்கொண்டான்
பீப்பாய்க்காரன் மகன் ஆல்டன்.
"தைரியமிருந்தா தட்டிவிடு பார்ப்போம்."

நம்மில் சண்டைக்குக் கூப்பிடுகிறவன்
தன் தோளைத் தானே தட்டுவான்.
அவர்களிடம் அந்த வேலை எதிராளிக்கு.
சிராய் விழும்வரை
யாரும் யாரையும் தொடக்கூடாது.
வம்புக்கும் ஒரு வாசற்படி.

எதிரே ரூஃபஸ்.
அரைச்சாண் கூடுதல் உயரம்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
சுற்றிலும் பதினோரு பையன்கள்,
சோற்றை மறந்த ஒரு நாய்.

ரூஃபஸ் தட்டவில்லை.
ஆல்டன் அசையவில்லை.
அசைந்தால் விழும், விழுந்தால்
தானே தள்ளியதாக ஆகிவிடும்.
மூக்கு நமைத்தது.
மூச்சைச் சில்லறை சில்லறையாக விட்டான்.
தேவாலயத்தில்கூட அவன்
அவ்வளவு ஒழுங்காக நின்றது கிடையாது.

ஆற்றிலிருந்து ஒரு காற்று வந்து
தட்டிவிட்டுப் போனது.

எல்லோரும் காற்றைப் பார்த்தார்கள்.
அதற்குக் கன்னம் இல்லை.

"இது செல்லாது" என்றான் ஒருவன்.
"ஏன் செல்லாது?" என்றான் இன்னொருவன்.
அந்த இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள்.
ரூஃபஸ் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஆல்டன் குனிந்து எடுத்து
மறுபடி வைத்துக்கொண்டான்.

பிறகு இறக்கவேயில்லை.
நாற்பது வருஷம் கழித்து
மீதிச் சில்லறையில் மூன்று சென்ட் குறைந்தபோதும்
மருமகன் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தபோதும்
இடது தோள் ஒரு விரற்கடை உயர்ந்துகொண்டது.
"அவர் தோளில் சிராய் இருக்கு,
பார்த்துப் பேசு" என்றாள்
கடைக்காரி லவினியா, புதுப் பையனிடம்.
பையன் பார்த்தான்.
கறுப்புக் கோட்டு, கொஞ்சம் பொடுகு,
வேறொன்றுமில்லை.

இப்படி எங்கோதான்
மரம் உதிர்ந்து சொல் மட்டும் தங்கியிருக்க வேண்டும்.

இன்றைக்கு ஏதோ ஒரு மாடி அலுவலகத்தில்
ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டுவிட்டவளை
அதே வாக்கியத்தால் ஒதுக்கி உட்காரவைக்கிறார்கள்.
சிராய் என்று ஒன்று இருந்தால்
எங்கோ கோடரி விழுந்திருக்குமே என்று
யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆல்டனைக் கிடத்தியபோது
இடது தோள் பெட்டிக்குள் அடங்கவில்லை.
தச்சன் முனகிக்கொண்டே
பக்கப்பலகையை
இன்னும் கொஞ்சம் செதுக்கினான்.

ஒரு சிராய் தெறித்து
சரியாக அங்கேயே போய் உட்கார்ந்தது.
ஊதிவிடலாமா என்று யோசித்தான்.
பிறகு
மூடியை எடுத்தான்.