முப்பத்தொன்றாம் எலி

தார்த்து நகரில் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.

போன வாரம், ஆம்பெட்டமின் மட்டும் ஏற்றிய நாளில்,
முப்பத்தொன்றாம் எலி
அகச்சிவப்புக் கதிர்களை
நாலாயிரம் தடவை அறுத்தது.
ஒரு மூலை, திரும்பி, மறுபடி அதே மூலை.

இன்று அரைமணி முன்னதாக
ஹாலோபெரிடால்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
வரைபடத்துக்கு வாகான எண்;
மாரிகா குறித்துக்கொண்டாள்.

எலி தூங்கவில்லை.
மரத்தூளில் கிடந்த சர்க்கரை உருண்டையை
எட்டிப் பார்க்கவும் இல்லை.
மீசை மட்டும் ஆடியது.

கையுறையைக் கழற்றி
வீட்டுக்குப் பேசினாள்.
தம்பி யூகானுக்குக் குரல்கள் கேட்பது
நின்றுவிட்டதாம்.
“சாப்பிட்டியா?”
“மேசைல இருக்கு.”
“பிடிக்கலையா?”
“தெரியல.”

வெளியே பனி வாரும் வண்டி
தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது.
கூண்டுக்குத் திரும்பியவள்
உருண்டையை அதன் மூக்கருகே
நகர்த்தி வைத்தாள்.

செய்முறைத் தாளில்
அப்படி எதுவும் இல்லை.