மூன்றாம் சீர்

காரின் மூக்கை முன்பக்கமாகக் கவிழ்த்துவிட்டு
முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் எலுனெட்.
அந்த வண்டியில் அது ஒரு வசதி.
முகம் மொத்தமும் குனிந்து வழிவிடும்,
நாற்காலி தேட வேண்டாம்.

எழுபத்தொன்றாம் வருடத்து ட்ரையம்ஃப்,
ஆறு சிலிண்டர், கடுகுப்பூ மஞ்சள்,
கதவின் கீழ்விளிம்பில் துரு வரைந்த சிறு தீவுகள்.
சனிக்கிழமை பாங்கரிலிருந்து ஆள் வருகிறார்.
விலையும் பேசியாயிற்று.
செவ்வாயிலிருந்து எஞ்சின் நொண்டுகிறது.

நான் பால் டாங்கர் ஓட்டுபவன். அடுத்த வீடு.
டார்ச் பிடிக்க அழைக்கப்பட்டவன்.
டோல்கெத்லைப் பக்கம் கசாப்புக்காரருக்கும் யாப்பு தெரியும்,
மோனை பிசகினால் கல்யாண விருந்திலும் சண்டை வரும்.
அதனால் காதைக் கொடுத்ததுமே சொன்னேன்:
“தளை தட்டுகிறது.”
“அது எனக்கும் தெரியும் இட்வல். எங்கே?”

ஒன்று ஐந்து மூன்று ஆறு இரண்டு நான்கு.
தீ பற்றும் வரிசை அது.
அறுசீரில் ஒரு சீர்
வாய்க்குள்ளேயே போய்விடுகிறது.

ரப்பர் கையுறை மாட்டி
ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கினாள்.
ஒன்றைப் பிடுங்கினால் எஞ்சின் தள்ளாடியது, நல்லது.
இரண்டுக்கும் தள்ளாடியது, நல்லது.
மூன்றைப் பிடுங்கினாள்.
ஒன்றுமே ஆகவில்லை.
“இருந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்றால்
இவன்தான் ஆள்,” என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.
எம்ரிஸ் போய் ஈஸ்டரோடு இரண்டு வருடம்.
(வண்டி அவனுடையது அல்ல.
ஊரில் எல்லோரும் அப்படி நினைக்கிறார்கள்.)

பிளக் மாற்றினாள்.
அழுத்தம் அளந்தாள், ஆறிலும் சமம்.
கார்புரேட்டரின் ரப்பர் சவ்வைப் பல்புக்கு நேரே பிடித்து
கிழிசல் தேடினாள்.
புதுக் கண்டென்சர் பழையதைவிடக் கேவலமாக இருக்க
பழையதையே திரும்ப மாட்டி
இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டினாள்.
நாற்பத்தாறு பவுண்டு போனது,
கணக்கு ரசீதின் முதுகில்.

காலை வெயிலில் வண்டி தேனாக ஓடும்.
சாயங்காலம் மலை மேகத்தைக் கீழே இறக்கி
கொட்டகைச் சுவர் வியர்த்ததும்
மறுபடி நொண்டல்.
ஈரத்துக்குப் பயப்படும் நோய் என்று
நானும் ஒரு கருத்து சொல்லி வைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.

வியாழன் இரவு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது,
புயலில் ஊரே இருண்டது.
என் டார்ச்சும் அதோடு கண்ணை மூடியது.
பேட்டரி மாற்ற மறந்திருந்தேன்.
இப்போது அதில் எனக்குப் பெருமைதான்.

ஏனென்றால் இருட்டில் பார்த்தோம்:
மூன்றாம் கம்பி வளையும் இடத்தில்
உறை தேய்ந்து, நகக்கண் அளவு வெடிப்பு.
அங்கிருந்து ஹீட்டர் குழாய்க்கு
நீலமாக ஒரு பொறி
தாவுகிறது, தாவுகிறது,
ஒருமுறைகூட நேரம் தவறாமல்.

அந்தச் சீர் விடுபடவே இல்லை.
இத்தனை நாளும்
வேறு யாருக்கோ பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை புதுக் கம்பி மாட்டி
எஞ்சின் தலைமேல் ஒரு காசை விளிம்பில் நிறுத்தினாள்.
நின்றது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
டீ ஆறிப்போகும் வரை.

சனி. மழை.
பாங்கர்க்காரர் வந்தார், நல்ல பூட்ஸ் போட்டிருந்தார்.
எலுனெட் சாவியைத் திருப்பினாள்.
வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான்
கேட்டதை நம்பாமல் விரல் மடக்கி எண்ணினேன்:
ஒன்று, ஐந்து,
         ஆறு, இரண்டு, நான்கு.
அவர் பாதி விலை சொன்னார்.
அவள் மிக வருத்தமாகத் தலையசைத்தாள்.

அவர் வண்டி பாலம் தாண்டும்வரை கையசைத்துவிட்டு
கோட்டுப் பையிலிருந்து
சுருட்டி வைத்த புதுக் கம்பியை எடுத்தாள்.
“டார்ச் பிடி,” என்றாள்.

பட்டப்பகல்.
பிடித்தேன்.