கல்பாலத்தில் தண்ணீர்

விளக்கணைத்ததும் இருபத்தொரு முறை முணுமுணுப்பேன்:
"இது கனவென்று எனக்குத் தெரியும்."
பிறகு மூடிய இமைக்குள்
கல்பாலத்தைக் கொண்டுவந்து நிறுத்தி
அடியில் கரைபுரள விடுவேன் வைகையை.
தண்ணீர் ஓடினால் கனவு. அவ்வளவுதான் அடையாளம்.

பதினோரு இரவு.
கனவிலும் மணல்தான்.
கருவேலம், எருமை, யாரோ காயப்போட்ட சேலை.
நம்பிவிட்டேன்;
தவணைக்கார முத்திருளனுக்குத்
தூக்கத்திலும் வட்டி கட்டினேன்.

நேற்று விடியுமுன் செல்லூர்ப் பக்கம்
பால் வாங்கப் போனால்
பாலத்தை உரசிக்கொண்டு செந்நீர்.
சிக்கியது!
சிரித்தபடி கைப்பிடிச் சுவரில்
ஏறி நின்றேன், பறக்க.

சட்டையைப் பிடித்து இழுத்தாள் ஒரு கீரைக்காரி:
"டேமத் தொறந்துட்டாய்ங்க, கிறுக்கா!"

கையை விரித்து எண்ணினேன்.
ஐந்து விரல்.
இன்னொரு தரம் எண்ணினேன்.