புல எண் 214, வாய்க்கால் அல்ல

தேவகோட்டை தாலுகா அலுவலகத்தில்
ஆற்றுக்கென்று தனிப் படிவம் கிடையாது.
குளத்துக்கு உண்டு. கிணற்றுக்கும் உண்டு.
ஆகவே வாய்க்கால் படிவத்தில்தான் எழுதுகிறேன்,
தலைப்பைப் பேனாவால் அடித்துவிட்டு.

தொடக்கம்: கண்மாயின் கலுங்கு.
ஏழு குத்துக்கல், அதில் இரண்டு சாய்ந்தவை.
கண்மாய் நிறைந்தால்தான் இது பிறக்கும்.
பதினோரு வருஷத்தில் நாலு முறை பிறந்திருக்கிறது.
கடைசி முறை ஒன்பது நாள் உயிரோடு இருந்ததாம்.
கலுங்கருகே பரோட்டாக் கடை வைத்திருக்கும் பஞ்சவர்ணம்
தேதியோடு சொன்னாள்.
ஒன்பது நாளும் அவளுக்கு விறகு நனைந்தது.

சங்கிலி பிடிக்க வந்தவர் வெள்ளைக்கண்ணு.
இப்போது சங்கிலி இல்லை, மூன்று காலில் நிற்கும்
மஞ்சள் கருவிதான். பதவிப் பெயர் மட்டும்
செயின்மேன்.
சீமைக்கருவைக்குள் முதுகை வளைத்து நுழைந்து
"மேடம், ஆறு இங்கெதான் படுத்திருக்கு" என்றார்.
சட்டை முழுக்க முள்.

என் கையில் மூன்று வரைபடங்கள்.
துணியில் ஒட்டிய பழையதில்
ஐயனார் கோயிலுக்கு வடக்கே போகிறது.
இரண்டாவதில் தெற்கே.
மூன்றாவது கணினியில் வரைந்தது:
கோயிலே இல்லை, ஆறு ஒரு நேர்கோடு.
மூன்றும் பொய்யில்லை.
மேடு பள்ளம் குறைந்த சீமையில்
தண்ணீருக்கு எந்தப் பக்கமும் சம்மதம்;
மனம் மாற ஒரு மாட்டுவண்டித் தடம் போதும்.

இடையில் ஒரு காலத்தில்
ஆறே வண்டியேறியது,
மணலாக.
சலித்து, சுண்ணாம்போடு அரைபட்டு,
முட்டை வெள்ளைக்கருவில் குழைந்து
சுவர்களில் ஏறி நின்றுவிட்டது.
சினிமாவுக்கு வாடகை விடும் ஒரு வீட்டில்
அளக்கப் போனபோது கை வைத்துப் பார்த்தேன்.
சித்திரை மாதம், மதியம் ரெண்டு மணி.
சுவர் சில்லென்றிருந்தது.
நீளக் கணக்கில் இதைச் சேர்க்க வழியில்லை.

பிறகு லாரிகள்.
அதை எழுத வேண்டியதில்லை,
எஃப்.ஐ.ஆர். தனிக் கோப்பில் இருக்கிறது.

மனை எண் 41. அடைக்கப்பன், வங்கி ஓய்வூதியர்.
உங்கள் மதில் ஆற்றின் மேல் நிற்கிறது என்றேன்.
"எந்த ஆறு?"
கோபமில்லை, உண்மையாகவே கேட்டார்.
பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய்
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்.
போர் போட்டபோது இருபத்திரண்டாம் அடியில் வந்ததாம்:
உருண்ட கற்கள், சுண்டுவிரல் நகம் போல
மட்டிச் சிப்பிகள்.
"அழகா இருந்துச்சு. எடுத்து வச்சேன்."
கொஞ்ச நேரம் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
இடிப்பீர்களா என்று
அதற்கப்புறம்தான் கேட்டார்.
கோயிலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி,
மூன்று வரைபடத்திலும் இல்லாத
நாலாவது ஆறு அது.

முடிவு: தொண்டிக்குத் தெற்கே கழிமுகம்.
நண்டு வலையை உதறிக்கொண்டிருந்த நாகூர்கனியிடம்
ஆறு கடலில் சேர்வது எங்கே என்றேன்.
"அது எங்க வருது? கடல்தான் அதைத் தேடிப் போகுது,
நாளைக்கு ரெண்டு தடவை."
வெள்ளைக்கண்ணு ஒரு சுள்ளியைப் போட்டார்.
சுள்ளி யோசித்தது.
மேற்கே, நாங்கள் வந்த பக்கமாக நகர்ந்தது.

பெயர் என்ற கட்டம் பாக்கி.
கலுங்கடியில் மறுகால் என்கிறார்கள்,
நடுவில் ஓடை, இங்கே கழி.
ஆறு என்று சொன்னது நாங்கள் இரண்டு பேர்தான்,
அதில் ஒருவருக்கு அடுத்த மாதம் ஓய்வு.
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

நீளம்: தோராயமாக முப்பத்தொன்பது கிலோமீட்டர்.
அகலம்: இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம்.
சான்று: ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
உரிமையாளர் தர மறுத்துவிட்டார்.