மூன்றாம் எண் மேசை

ஐயா, என் பெயர் ஹாந்தாரிசுவா.
அலௌட்ரா ஏரிக்குக் கிழக்கே, சிவப்பு மேட்டில்
கால் ஹெக்டேர் மரவள்ளிக் கொல்லை.
இதோ பத்திரம். இதோ முத்திரை.
கொல்லையை மட்டும் கொண்டுவர முடியவில்லை.
அது எனக்கு முன்பே இறங்கி வந்துவிட்டது.

முதலில் வெறும் மாட்டுத் தடம்தான்.
திமில் பெருத்த இரண்டு எருதுகள்
தினமும் ஒரே இடத்தில் கால்வைத்து ஏறின.
அடுத்த மழைக்கு அது வாய்க்கால்.
அதற்கடுத்த மழைக்கு ஆள் இறங்கும் ஆழம்.
பிறகுதான் அதை லவாகா என்று அழைத்தோம்.
ஓட்டை என்பது உங்களுக்கும் தெரிந்த சொல்தானே.

அதற்குத் தலை மேலே, ஐயா, வால் கீழே.
மேல்நோக்கித் தின்னும். கீழ்நோக்கிக் கக்கும்.
இராத்திரியில் சத்தம் கேட்கும்,
யாரோ மூட்டை இறக்குவது போல ஒரு தொப்.
விடிந்ததும் போய் அளப்பேன்:
நேற்று என் வேலிக்குப் பதினோரு அடி,
இன்று ஒன்பது.
மாமனாரின் கல்லறைக்கு இன்னும் நாற்பது.
அடுத்த குளிர்காலத்தில் அவரை வெளியே எடுத்துப்
புதுப் பட்டு சுற்றி உள்ளே வைக்க நாள் குறித்திருக்கிறோம்.
அதுவரை அவர் இருப்பாரா
என்பது மழைக்கே வெளிச்சம்.

சரி, புகார் அதுவல்ல.
புகார் இவர்மேல். ரஸாஃபிமாஹெஃபா.
ஏரிக்கரையில் இவருக்குப் புதிதாய் ஒரு வயல் முளைத்திருக்கிறது,
முன்பு நாணல் நின்ற இடத்தில்.
போன வருஷம் எட்டு மூட்டை நெல் அறுத்தார்.
அந்தச் சேற்றை அள்ளிப் பார்த்தேன்.
என் அடுப்புக்கரி இருந்தது.
நான் உடைத்துப் போட்ட நீல எனாமல் தட்டின்
விளிம்புத் துண்டு இருந்தது.
அது என் கொல்லை, ஐயா.
எட்டில் எனக்கு இரண்டு மூட்டையாவது வரவேண்டும்.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"பத்திரம் இடத்துக்குத்தான் அம்மா, மண்ணுக்கு இல்லை.
இடம் இருக்கிறதல்லவா?"
இருக்கிறது.
பத்து ஆள் ஆழத்துக்குக் காற்றாக இருக்கிறது.
"அப்படியானால் இந்த ஆண்டு வரி
இன்னும் கட்டவில்லை."

அதுவரை ரஸாஃபிமாஹெஃபா வாய் திறக்கவில்லை.
ஒரு துணிமுடிச்சை மேசைமேல் வைத்து அவிழ்த்தார்.
மணல்.
வெளுத்த, பருத்த மணல்,
கல்லுப்பு மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாதது.
"இவங்க மண்ணு நல்ல மண்ணுதாங்க. மறுக்கல.
ரெண்டு அறுப்பு சாப்பிட்டோம்.
மேட்டுக்குத் தோல் தீர்ந்துபோச்சு, இப்ப எலும்பு வருது.
ஜனவரி மழையில என் நாத்து முழுக்க
இதுக்கு அடியில போயிருச்சு.
வாய்க்கால் வாயில இடுப்பளவு கிடக்கு.
இவங்களோடதுன்னா
அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒருவன்,
தோளில் வலை, பெயர் மந்திம்பி.
முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.
எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை.
படகு தரைதட்டுகிறது என்று மட்டும் சொன்னான்.
ஏரியின் நடுவில் துடுப்பை ஊன்றிவிட்டு வந்தானாம்.
இரண்டு நாள் கழித்துப் போனபோது
அதே இடத்தில் நின்றதாம்,
உச்சியில் ஒரு கொக்கு.

எழுத்தரிடம் ஒரே ஒரு படிவம்தான் மிச்சம்.
இழந்தது என்று ஒரு கட்டம்,
பெற்றது என்று ஒரு கட்டம்.
யார் எதில் எழுதுவது?
பேனா எங்கள் மூவரிடமும்
கைமாறிக் கைமாறி வெதுவெதுப்பானது.

மதியம் இருட்டிக்கொண்டு வந்தது.
தகரக் கூரையில் முதல் துளிகள்
பொரி வறுக்கும் சத்தத்தோடு விழுந்தன.
பேச்சு நின்றது.
மூவரும் சுவரையே பார்த்தோம்,
சுவருக்கு அந்தப் பக்கம் மேடு.

எழுத்தர் எழுந்துபோய்
அடிப்பிடித்த சோற்றுப் பானையில் கொதித்த நீரை
ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார்.
கடைசி மிடற்றில்
எல்லோர் பல்லிலும் ஏதோ நறநறத்தது.
அவர்கள் வாசலுக்குப் போய்த் துப்பினார்கள்.
நான் விழுங்கிவிட்டேன்.