மினிட் புஸ்தகத்தில் இல்லாதது

சுபேதார் ஞானாபரணம் கை தூக்கினால்
சேர்மன் ஒருமுறை கண்ணைத் திருப்பிக்கொள்வார்.
மூன்று விரல்தான் உண்டு.
மற்ற இரண்டும் பர்மாவில்
ஏதோ ஒரு மூங்கில் புதரில்.

நான் பாளையங்கோட்டை நகரசபையில்
மினிட் புஸ்தகம் எழுதுகிறவன்.
மாதம் பதினான்கு ரூபாய். மை என் செலவு.

கவர்னர் வருகிறாராம், வளைவு கட்ட எண்ணூறு.
பதினோரு கைகள் எழுந்தன.
ஆட்சேபணை உண்டா என்றார் சேர்மன்.
மூன்று விரல்.

அரைமணி பேசினார். நான் எழுதியது:
‘குடிதண்ணீர் குறித்து மெம்பர் ஒருவர்
அபிப்பிராயம் சொன்னார்.’
சொன்னது இது:
“எங்க கம்பெனியிலே செத்தது நாப்பத்தொண்ணு.
குண்டு பட்டவன் மூணு பேரு.
மிச்சப் பேரைத் தண்ணிதான் சுட்டுச்சு.
பாளையங்கால்ல மேலே மாடு குளிக்கி,
ஜெயில் சாக்கடை விழுது,
கீழே நாம குடம் முக்குதோம்.
ஒங்க வளைவுக்கு அடியிலே
மொதல்ல பாடைதான் போவும், அய்யாமாரே.”

வக்கீல் ஆவுடைநாயகம் பிள்ளை சிரித்தார்:
“சுபேதாருக்கு இன்னும் பட்டாளம் கலையலை.”
அதையும் நான் எழுதவில்லை.

கவர்னர் காய்ச்சலோடு
மணியாச்சியிலிருந்தே திரும்பிவிட்டார்.
காகிதப் பூக்களை ஆடு தின்றது.
பங்குனியில் வாந்திபேதி.
தெருவுக்கு நாலு, தெருவுக்கு ஆறு.
‘அந்தாளு வாய் முகூர்த்தம்’ என்றது ஊர்.
அடுத்த தேர்தலில் ஏழு ஓட்டில் தோற்றார்.

பிறகு தினமும் விடியலில்
வாய்க்கால் கரையில் கம்போடு நின்று
மாடு விரட்டினார்.
பிள்ளைகள் தூரத்திலிருந்து சல்யூட் வைத்துவிட்டு
ஓடும்.

பென்ஷன் காகிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து கேட்டு
ஒருநாள் ஆபீசுக்கு வந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்:
“ஒரு ஊரைக் கொளுத்தினோம் வே.
ஓலைக்கூரை. சடசடன்னு தீந்துட்டு.
மறுநாள் குடிச்சது அந்த ஊர்க் கெணத்துலதான்.
உள்ளே என்ன கெடந்துதுன்னு
குடிச்ச பெறவுதான் எட்டிப் பாத்தோம்.”
மை காய மணல் தூவிக் கொடுத்தேன்.
மூன்று விரலால் மடித்துக்கொண்டு போனார்.

அவர் போன ஆனியில் அனுதாபத் தீர்மானம்.
வக்கீலே முன்மொழிந்தார்.
எத்தனை யுத்தம் பார்த்தவர், சேர்த்து எழுதலாமே
என்று யாரோ கேட்டார்கள்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
எனக்கு ஒரு கிணறு தெரியும்.

பேனாவை முக்கி எடுத்தேன்.
அதற்குள் அடுத்த விஷயம் வந்துவிட்டது:
வெறிநாய் சுடுகிறவனுக்குக் கூலி,
தலைக்கு இரண்டணா.